பாட்டிலுக்கு அடியில செம்பு

சில்வர் பேப்பர் சுத்துன ஒரு கண்ணாடி பாட்டில். ஒரு சாண் உசரம் இருக்கும். கழுத்துல ஒரு சீட்டு, அதுல நான் வேலை பாத்த லேப் மேடம், அந்தம்மா கையெழுத்து. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அவ எழுத்து மட்டும் அடையாளம் தெரியும். கோவத்துல எழுதுன மாதிரியே ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கும். அந்த பாட்டில் மாதிரி நான் எத்தனை நூறு தேச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. இப்பவும் மருமக அடுப்படியில சில்வர் பேப்பரைக் கிழிச்சா, அந்தம்மா மொகம்தான் எனக்கு மொதல்ல வருது. வந்த ஒடனே சிரிப்பும் வருது. சிரிப்புன்னா பிரியமான சிரிப்புன்னு நெனச்சிராதீங்க. எனக்கும் அவளுக்கும் ஒம்பது வருசம் ஆகவே ஆகாது.

மாட்டுங்காவுல ஒரு காலேஜு. தாராவியில இருந்து காலையில நடந்தே போயிருவேன், பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல போய்ச் சேந்திரலாம். அங்க ஒரு லேப்ல ஜாடு போட்டுக் கூட்டி, ஈரத்துணியால போச்சா அடிச்சு, பாட்டில் கழுவுறது என் வேலை. காண்ட்ராக்ட் ஆளுதான். பிள்ளைங்க எல்லாம் நம்ம ஊருல சித்திங்கிற மாதிரி ‘மாவ்சி, மாவ்சி’ன்னு கொஞ்சும். அந்த லேப்புக்குத்தான் மேடம் இந்தம்மா. மாட்டுங்காவுலயே பொறந்து வளந்த பாலக்காட்டுக்காரி. மூக்குத்தி, பருத்திச் சேலை, நாக்குல மட்டும் கொஞ்சம் பச்சமொளகா. நான் வேலைக்குச் சேந்த மொத நாளே தரையில ஒரு மஞ்ச டேப்ப ஒட்டிட்டா. “மாவ்சி, உன் தொடப்பம் இந்தக் கோட்டைத் தாண்டப்படாது. தூசி பறக்கும்.” சரின்னேன். அன்னையில இருந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் பளபளன்னு வச்சேன், அந்தப் பக்கம் கோழி மேயிற அளவுக்குக் குப்பை. ஒரு வாரத்துல அவளே வந்து டேப்பைப் பிச்சா. எனக்கு அன்னைக்குச் சோறு ரெண்டு கரண்டி கூட எறங்குச்சு.

மத்தியானம் நான் டப்பாவைத் தொறந்தா அவ ஜன்னலைத் தொறப்பா. கருவாடு வாசம் ஆகாதாம். அதுக்கு மின்னாடி வாரத்துல ஒரு நாள்தான் கருவாடு கொண்டு போவேன். அதுக்கப்புறம் மூணு நாளு. எங்க வீட்டுக்காரரு, “ஏளா, எனக்கே அலுத்துப் போச்சு, மேடத்து மேல உள்ள கோவத்துக்கு என்னைய ஏன் கொல்லுத”ன்னு கேட்டாவ. சரி, விட்ட எடத்துக்கு வாரேன்.

அந்தம்மா பண்ணுன வேலை என்னன்னா, எண்ணெய்க்குள்ள செம்புத் தூள் கலக்குறது. சமையல் எண்ணெய் இல்ல, கரண்ட் டிரான்ஸ்பார்மருக்குள்ள ஊத்துற எண்ணெய். செம்புத் தூளுன்னா எப்படி, குங்குமம் எல்லாம் அதுக்கு முன்னால கூழாங்கல்லு. அவ்வளவு பொடிசு. எண்ணெய் இருக்கே, அது சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு லேசுல அடுத்த எடத்துக்குத் தள்ளாது. செம்பு அப்படி இல்ல, இந்தப் பக்கம் சூடு பட்டா அந்தப் பக்கம் கையைச் சுடும். ரெண்டையும் கலந்தா எண்ணெயும் வெரசா சூட்டைக் கடத்தும், டிரான்ஸ்பார்மர் சூடாகி வெடிக்காதுன்னு படிக்கிற பிள்ளை ஒண்ணு எனக்கு வெளக்குச்சு. மண்சட்டிக்கும் செம்புப் பானைக்கும் உள்ள வித்தியாசம்தானன்னேன். அது கண்ணு விரிய, “மாவ்சி, நீங்களே பாடம் எடுக்கலாம்”ன்னுச்சு. அந்தம்மா காதுல விழுந்துருச்சு. “அவகிட்ட என்ன பேச்சு? மாவ்சி, நீ லேப்புக்குள்ள வாயைத் தொறக்காதே. வந்தியா, கழுவினியா, போனியான்னு இரு.” அந்த ஒரு சொல்லை மட்டும் நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். தொறக்கல.

தூளும் எண்ணெயும் சும்மா கலக்காது. ஒட்டிக் கட்டி பிடிக்காம இருக்க ஏதோ மருந்து ஊத்துவா. அப்புறம் ஒரு தண்ணித் தொட்டி மிசின்ல பாட்டிலை எறக்குவா, அது ‘கீஈஈ’ன்னு பல்லு கூசுற மாதிரி கத்தும். வெளிய எடுத்தா எண்ணெய் நல்லா செவந்து, செம்பருத்திப் பூவை அரைச்சு ஊத்துன மாதிரி இருக்கும். ஒடனே மயிரு மாதிரி ஒரு கம்பிய அதுக்குள்ள விட்டு, சூடு எப்படிப் போவுதுன்னு கம்ப்யூட்டர்ல பாப்பா. மிச்ச எண்ணெயோட பாட்டிலை சில்வர் பேப்பர் சுத்தி ஓரமா வச்சிருவா, வெளிச்சம் படக் கூடாதாம். சனிக்கெழம நான் எண்ணெயைக் கேன்ல ஊத்திட்டு பாட்டிலைக் கழுவணும்.

மொத மாசத்துலயே ஒரு சங்கதி நடந்துச்சு. கழுவுன பாட்டில் ஒண்ணை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா. அடியில செவப்பா ஒரு கறை, எட்டணா காசு அகலத்துக்கு. பிள்ளைங்க அத்தனை பேரு முன்னாலயும், “ஒரு பாட்டில் ஒழுங்காத் தேய்க்கத் தெரியாதா? உங்காத்துலயும் இப்படித்தான் தேய்ப்பியா? இன்னொரு தடவை கறை பார்த்தேன்னா நாளைக்கே வேற ஆள்”னு கத்துனா. எனக்குச் சுருக்குன்னு போச்சு. அன்னைக்கே நீட்டு பிரஷ் ஒண்ணு வாங்கி வந்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு பாட்டில் அடியிலயும் தோண்டித் தோண்டித் தேச்சு, ஒரு பொட்டுக் கறை இல்லாம வைரம் மாதிரி நிறுத்துவேன். செவப்புச் சேறு அவ்வளவும் சிங்க்குல போயிரும்.

ரெண்டு வருசம் இப்படியே ஓடுச்சு. டெல்லியில இருந்து ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கிற பெரிய ஆளுங்க பாக்க வாராங்கன்னாங்க. தன் எண்ணெய் ஒரு மாசம் வச்சாலும் அப்படியே இருக்கும், செம்பு அடியில படியாதுன்னு அந்தம்மா எல்லாத்துட்டயும் சொல்லிட்டா. ஆறு பாட்டிலைப் பேப்பர் சுத்தி, யாரும் தொடப்படாதுன்னு அலமாரியில வச்சா. மாசம் முடிஞ்சு, அவங்க வார நாள் காலையில, கழுத்துக்குக் கிட்ட இருந்து குழாய் வச்சு உறிஞ்சுறா, வெள்ளைத் தண்ணி மாதிரி வெறும் எண்ணெய் வருது. கம்பிய விட்டுப் பாத்தா வெறும் எண்ணெயோட கணக்குத்தான். அடுத்த பாட்டில், அதுலயும் அப்படியே. ஓரமா நின்னு சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்தோசம் அரை நிமிசம்தான். டக்குன்னு எம் பக்கம் திரும்புனா. “எண்ணெயை மாத்தியிருக்கே. காப்பரை எடுத்துண்டு போய் தாராவி பங்கார் கடையில போட்டிருக்கே. திருடி!” பழைய இரும்புக் கடையில கொண்டு போட்டேனாம். படிச்சவளுக்கு வேற எதுவும் தோணாதான்னு கேப்பீங்க. மருந்து ஊத்தியாச்சு, செம்பு படியாதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. தன் வாயைத் தப்புங்கிறதை விட என்னைத் திருடிங்கிறது அவளுக்கு லேசு. அதுக்குள்ள பெரிய சாரு, அந்த டிபார்ட்மென்டுக்கே தலைவரு, வந்து நின்னாரு. காண்ட்ராக்டருக்குப் போன் போடுங்கன்னு அவ கத்துறா. பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிது. எங்க சந்துல, வேலை போச்சுன்னா நாலு நாளுல இன்னொரு வேலை கெடைக்கும். திருடின்னு வெளிய வந்தேன்னா எந்த வாசல்ல போய் நிப்பேன்?

“சார், மேடம் என்னை வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்கு ஒரு நாளு தொறக்கட்டா?”ன்னேன். அவரு தலையாட்டுனாரு. அவ தொடாத பாட்டில் ஒண்ணை எடுத்து, ஆட்டாம அசைக்காம பேப்பரை உரிச்சேன். முறுக்குச் சுட்ட எண்ணெயை அடி கலங்காம எறுப்போம்லா, அப்படி மெல்ல மெல்லச் சாச்சு மேல உள்ளதை ஊத்துனேன். வெள்ளை எண்ணெய் போச்சு. அடியில செவப்பா, கெட்டியா, வட்டமா உக்காந்திருக்கு. கையில பிடிச்சு அவ மொகத்துக்கு நேரா நீட்டுனேன். “மேடம், இந்தக் கறைக்குத்தான மொத மாசம் என்னை அத்தனை பேரு முன்னால ஏசுனீங்க? உங்க செம்பு இங்கன இருக்கு. ரெண்டு வருசமா நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் தேச்சுத் தேச்சுச் சிங்க்குல விட்டேன். கறை இருந்தா வேற ஆளுன்னீங்கள்லா?”

அந்தம்மா பாட்டிலை வாங்கிப் பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா. “எத்தனை நாள்ல இப்படி அடியில வரும்?”னு கேட்டா. என்னைப் பாத்து இல்ல, பாட்டிலைப் பாத்து. “சில பாட்டில்ல ரெண்டு நாளு, சிலதுல அஞ்சாறு நாளு. மருந்து கூட ஊத்துன பாட்டில் கொஞ்சம் தாங்கும்”னேன். அவ ஒரு பிள்ளையை அதை எழுதிக்கச் சொன்னா. பெரிய சாரு, “சரி மாவ்சி, போய் வேலையைப் பாருங்க”ன்னாரு. நான் நகரல. “மேடம் என்னைத் திருடின்னாங்க. இல்லன்னு அவங்க வாயால சொல்லட்டும்.” சாரு, “அதான் தெரிஞ்சு போச்சே, விடுங்க”ன்னாரு. அந்தம்மா தலையைத் தூக்கல. கடைசி வரைக்கும் சொல்லல.

டெல்லிக்காரங்கட்ட அன்னைக்கு என்ன சொல்லிச் சமாளிச்சாளோ, எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ஏழு வருசம் அங்கதான் இருந்தேன். தேய்க்கிறதுக்கு மின்னாடி ஒவ்வொரு பாட்டிலையும் எங்கிட்ட வாங்கி அடியைப் பாப்பா. பாட்டிலை மட்டும்தான் பாப்பா. நானும் டப்புன்னு வச்சிட்டுத் திரும்பிப் போவேன். கருவாடு மட்டும் நிக்கவே இல்ல.

வேலையை விட்டு இப்ப பல வருசம் ஆச்சு. போன மாசம் பேத்திக்குப் பூ வாங்க கிங்ஸ் சர்க்கிள் போனேன். பூக்கடையில கம்பை ஊனிக்கிட்டு நிக்கா அந்தம்மா. தலை முழுக்க நரைச்சுப் போச்சு, கூட அவ மருமக. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன், அவளும் திருப்புனா. மருமகதான் சும்மா இருக்காம, “யாரும்மா இவங்க? உங்களைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கறாங்க”ன்னா. என்னன்னு சொல்லப் போறா இவ?

என்னை மேலயும் கீழயும் பாத்தா. “எங்க லேப்ல இருந்தா. ஒரு நாள் எல்லார் முன்னாடியும் இவளைத் திருடின்னு சொல்லிட்டேன். திருடலை.” அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு, “வாய்தான் ஜாஸ்தி. பேச்சுக் குடுக்காதே, வா”ன்னு மருமக கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல, எதுக்குப் பேசணும்? அவ முக்கு திரும்புற வரைக்கும் நின்னு பாத்துட்டு, பூக்காரிட்ட கேட்டேன்: “அந்தம்மா சொன்னது உனக்கும் கேட்டுச்சுல்லா?”