ரப்பர் கொட்டையில் வழுக்கிய என் திட்டம்

எஹலியகொடப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியர். விளையாட்டிடங்கள் பற்றிச் சில புத்தகங்கள் படித்த துணிச்சலில், சக்கர நாற்காலியில் வரும் ஷர்மிளாவுக்காக மைதானத்தில் ஒரு பாதை வரைந்தேன். பெற்றோர் கூலி வாங்காமல் சிரமதானமாகச் சீமெந்து போட்டார்கள். நிழல் வேண்டுமென்று ரப்பர் மரங்களுக்கு அடியில் கொண்டுபோனது என் மூளை. காய் வெடிக்கும் காலம் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒரு வரியும் இல்லை.

ஒரு காலை பாதையெங்கும் ரப்பர் கொட்டைகள். ஷர்மிளாவின் நாற்காலி அவற்றில் வழுக்கி, சரிவில் மழைநீர் ஓடும் கானை நோக்கி ஓடியது. கீழே நின்ற நான் பிடிக்கப் பாய்ந்து, அதே கொட்டைகளில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி என் வயிற்றில் முட்டி நின்றது. எனக்குப் பின்னால் ஆழமான கான்.

"நல்லவேள, நீங்க குண்டா இருக்கீங்க சேர்!"

"தனியா எதுக்கும்மா இங்க வந்த?"

"கொட்ட பொறுக்கத்தான். ஆனா எல்லாம் கீழ கெடக்குது, எனக்கு எட்டல சேர்."

பாதையைத்தான் யோசித்தேனே தவிர, போய் என்ன விளையாடுவாள் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது தினமும் பாதையைக் கூட்டுகிறோம். அள்ளிய கொட்டைகளை, அவள் கைக்கெட்டும் உயரத்தில் சரிவாகக் கட்டிய பிளந்த மூங்கிலில் எல்லாப் பிள்ளைகளும் உருட்டிப் பந்தயம் விடுகிறார்கள்.

அதன்பின் எதை வரைவதானாலும், முதலில் அவளிடம் கேட்டு, அந்த நாற்காலியில் நானே ஒரு சுற்று வருகிறேன். பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்து அவள் சிரிக்கும் சிரிப்புத்தான் கொஞ்சம் அதிகம்.