ஆள் கூப்பிடப் போன காளியன்

சித்தேரி மலையில் தன் ஊரிலிருந்து போலீசுக்குப் போன முதல் ஆள் காளியன். முதல் ஆள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, என்ன சுகத்தைக் கண்டான் மனுசன்? அடிவாரத்து ஸ்டேஷனில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட நாதியில்லை, 'ஏ மலை' என்பார்கள். பானைத் தண்ணீரைக்கூட அவன் மொண்டு குடிக்கக் கூடாது, இன்னொருத்தர் ஊற்ற வேண்டும். பதினோரு வருசத்தில் ஒரு கேஸை அவனை நம்பிக் கொடுத்ததில்லை. மேலே போய் ஆள் கூப்பிட்டு வருவதுதான் அவன் வேலை.

காக்கித் துணியைக் கண்டால் மலைச்சனம் காட்டுக்குள் மறைந்துவிடும். காளியன் போனால் மட்டும் மறையாது. நம்மாள் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும், அங்கே அதுதான் முறை. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் படுபாவி இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் கம்பைநல்லூர் வியாபாரி ஒருவர் வீட்டில் நகை களவு போனது. அன்றைக்குச் சந்தையில் கடுக்காய் விற்ற மலைக்காரர்கள்மேல் பழியைப் போட்டார்கள். அவர்களில் மாதேஸைக் கூட்டி வா என்று காளியனுக்கு உத்தரவு. மாதேஸ் வேறு யாருமில்லை, காளியன் பெண்சாதி கருப்பியின் அண்ணன். விசாரித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை நம்பி, காளியன் அதையே மச்சானிடம் சொன்னான். மாதேஸ் கூழைக் குடித்துவிட்டு, விலங்கில்லாமல், கை வீசி நடந்து வந்தான்.

நாலாம் நாள் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. காளியன் இன்ஸ்பெக்டர் காலில் விழுந்து அழுதான். அவரோ, இவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், இவன் தம்பி சின்னராஜைக் கூட்டி வா, இல்லாவிட்டால் நீயும் உள்ளேதான் என்று சொல்லி, இரண்டு கான்ஸ்டபிள்களைத் துணைக்கு அனுப்பினார்.

சீ, மானங்கெட்ட பிழைப்பு என்று மலையேறும் வழியெல்லாம் காளியன் தன்னையே ஏசிக்கொண்டான். சின்னராஜையாவது தப்பிக்க வைத்துவிட வேண்டும், அப்புறம் வேலை போனாலென்ன, உயிர் போனாலென்ன என்று முடிவு கட்டினான்.

சின்னராஜ் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான். கான்ஸ்டபிள்கள் பாறை மறைவில் பதுங்கினார்கள். காளியன் மேட்டில் ஏறித் தொண்டை கிழியக் கத்தினான்.

"சின்னராஜு, போலீசு வந்திருக்குது. ஓடிப் போயிரு."

சின்னராஜ் நிமிர்ந்தான். பாறைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்த இரண்டு பேரையும் பார்த்தான். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே காளியனிடம் வந்து நின்றான்.

"நீங்க இருக்கறப்ப நான் எதுக்கு மாமா ஓடணும்? அண்ணனும் அங்க உங்ககூடத்தானே இருக்குது."