விளக்கிலிருந்து சொட்டிய தண்ணீர்

வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் குசினிக்குள் மழை பெய்தது. இரண்டு கிழமையாக இறுகியிருந்த குளிர் அன்றுதான் கொஞ்சம் இளகியிருந்தது. சீலிங்குக்குள் பதித்திருந்த விளக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர், நான் குழைத்து வைத்த புட்டு மாவைப் பழுதாக்கியது.

கூரை பார்க்க வந்தவர் சீலிங்குக்கு மேலே கூரைக்குள் ஏறி இறங்கினார். குசினி ஆவி விளக்குகளைச் சுற்றியுள்ள இடைவெளியால் மேலே போய், கூரைப் பலகையில் உறைந்து, இப்போது உருகுகிறது என்றார். அதுவரை சரி. பிறகு அடுப்பிலிருந்த புட்டுப் பானையைப் பார்த்துவிட்டு, மதாம் அவிப்பதைக் குறைத்தால் நல்லது என்று என் கணவரிடம் சொன்னார். மதாம் நான் பக்கத்தில்தான் நின்றேன். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் என் கணவர், எந்தப் பிரெஞ்சுக்கும் சொல்வதுபோல இதற்கும் "வீ, வீ", ஓம் ஓம் என்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையில் பிழை பானையில் இல்லை. இந்த வீட்டை வாங்கியதும் சீலிங்கைத் துளைத்து அந்த எட்டு விளக்குகளையும் பூட்டியது நாங்கள் இருவருமே. மேலே குளிர் தடுக்கும் பஞ்சால் மூடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. நாங்கள் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் யன்னலுக்கு மேலே காற்றுக்கென்று துளையுள்ள பூக்கல் வைத்துக் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள். காற்றுப் போகாத வீடு எங்களுக்கு நோய்பிடித்த வருத்தக்கார வீடு. விளக்குக்கும் மூச்சு வேண்டும் என்று, சுற்றியிருந்த பஞ்சைக் கவனமாக விலக்கி வைத்தோம்.

"இஞ்சாரும், கொஞ்ச நாளைக்குப் புட்டை விடுமன். பேந்து பாப்பம்," என்றார் கணவர்.

"ஓட்டை விட்டது நாங்களப்பா. அதை அடைக்கிறன். புட்டை நிப்பாட்டமாட்டன்."

ஈரம் காய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை மின்சாரத்தை நிறுத்தி, முகமூடி கட்டிக்கொண்டு நானே மேலே ஏறினேன். ஏணியில் நின்று டோர்ச் பிடித்தது அவர். ஒவ்வொரு விளக்கின் விளிம்பையும் பசை பீச்சி அடைத்து, காய்ந்ததும் பஞ்சை இழுத்து மேலே மூடினேன். அடுத்த குளிரும் வந்தது, இளகியது. ஒரு சொட்டும் விழவில்லை.

இப்போது ஆவியை வெளியே இழுக்க விசிறி போடுகிறேன். அத்தோடு யன்னலையும் ஒரு விரற்கடை திறக்கிறேன். சூடு வீணாகிறது என்று கணவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். எட்டு ஓட்டைகளைத் தெரியாமல் விட்டேன். இதைத் தெரிந்தே திறக்கிறேன். முகத்தில் மொன்றியல் பனிக்காற்று அறைகிறது, முதுகில் புட்டாவி சுடுகிறது. நான் இடையில் நின்று தேங்காய் துருவுகிறேன்.