கிரகப்பிரவேசத்துக்குப் போன செவலை

எங்கள் வீட்டை "ஃபார்ம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாரிவாக்கத்தில் ஐந்து சென்ட் இடம். அதில் ஒரு சிமென்ட் ஷீட் வீடு, மாட்டுக்கொட்டகை, செவலை ஒன்று கறுப்பு ஒன்று என்று இரண்டு மாடு, செவலையின் கன்று ஒன்று, எட்டுக் கோழி, ஒரு முருங்கை, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பாத்தி கீரை. இதுதான் ஃபார்ம். பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து வேலிக்கு அந்தப்புறம் நின்று காட்டுவார்கள். பிள்ளை மாட்டைப் பார்க்கும், அம்மா என்னையும் சேர்த்துப் போனில் படம் பிடிப்பாள். ஒருத்தி ஒருநாள் கேட்டாள், "உங்களுக்கெல்லாம் ஸ்ட்ரெஸ்ஸே இருக்காதுல்லக்கா?" நான் அப்போது மூத்திரம் தேங்கிய வாய்க்காலைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். "இல்லம்மா, ரொம்ப ஜாலியா கீறேன்" என்றேன். அதையும் நம்பிக்கொண்டு போனாள்.

ஜாலி காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கும். சாணியை அள்ளிக் குழியில் கொட்டி, தரையைக் கழுவி, மடியைக் கழுவி, பால் கறந்து, ஐந்தரைக்கெல்லாம் கேனோடு கிளம்பினால் எட்டு மணிக்குத் திரும்பலாம். பிறகு தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைக்க வேண்டும். பூந்தமல்லி மார்க்கெட்டில் கழித்துப் போட்ட கோஸ் தழையை மூட்டை கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்ற வேண்டும். ஆட்டோக்காரன் தினமும் புதிதாகப் பார்ப்பது போல மூட்டையை முறைப்பான். கோழி எங்கே முட்டையிட்டது என்று தேடுவது தனி வேலை. கூடை வைத்தால் அதில் இடாது, என் வீட்டுக்காரரின் பழைய ஹெல்மெட்டில்தான் இடும். இதற்கு நடுவில் பால் வாங்குகிற அம்மாள் ஒருவர், மாடு ஆர்கானிக்காகச் சாப்பிடுகிறதா என்று விசாரிப்பார். கல்யாண மண்டபத்து எச்சில் இலையை வழியில் கண்டால் என் செவலை வாய் வைக்காமல் வராது. "எல்லாம் ஆர்கானிக்தாம்மா" என்பேன். வாழை இலை என்ன பிளாஸ்டிக்கா?

அந்த அடுக்குமாடி நிற்கிற இடம் முன்பு வயல். அதைச் சொன்னவுடன் சிலர் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் துக்கம் கிடையாது. அது எங்கள் வயல் இல்லை. அதில் களை பறித்து முதுகு ஒடிந்தது மட்டும்தான் எங்கள் பங்கு. பச்சைப்பசேல் என்று இருந்ததாம். வெயிலில் குனிந்து நிற்கிறவளுக்குப் பச்சை என்ன, சிவப்பு என்ன? மாடுதான் எங்களுக்கென்று வந்த முதல் சொத்து. அந்தக் கொட்டகையில் நான் யாருக்கும் கூலி இல்லை.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டுக்கு மரை போடுகிற மெஷினில் நிற்கிறவர். இருபத்தாறு வருஷமாக மெஷினுக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவில் நின்று, அவருக்குத் தெரிந்த ஒரே பதில் "சரிங்க சார்" என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வா என்றால் சரிங்க சார். வேலியை ரெண்டடி உள்ளே தள்ளிப் போடு என்றால் சரிங்க சார். பூம்பூம் மாடாவது நடுவில் ஒருமுறை தலையைச் சும்மா வைத்திருக்கும். இவரோடு சண்டை போடுவதும் சுவரோடு சண்டை போடுவதும் ஒன்று. இவர் சரி என்றதையெல்லாம் சரியில்லை என்று சொல்லித் திருத்துவதே என் பாதி வேலை.

போன வருஷம் மழை விட்ட பிறகு கொட்டகைக்கு நோட்டீஸ் வந்தது. நாற்றம், ஈ, கொசு, குடியிருப்புப் பகுதியில் மாடு வளர்ப்பது. பதினைந்து நாளில் அகற்ற வேண்டும். புகார் எழுதியது அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. தினமும் காலையில் ஒன்றரை லிட்டர் என்னிடம்தான் வாங்குகிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனியில் நின்று, என் பாலில் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே அந்தப் புகாரை எழுதியிருப்பார்.

நோட்டீஸ் வந்த ஆறாம் நாள் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். அவ்வளவு நாள் வாடகைக்கு இருந்தவர், அதே கட்டடத்தில் முதல் மாடியில் சொந்தமாக வாங்கியிருக்கிறாராம். புதன்கிழமை ஆறு மணிக்கு முகூர்த்தம்.

"ஏனுங்க்கா, உங்க மாடும் கன்னுக்குட்டியும் ஒரு மணி நேரத்துக்கு வேணுங்க" என்றார்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிள்ளிவிட்டு அந்தப் பிள்ளையையே வாடகைக்குக் கேட்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

"நாத்தம் அடிக்குமே சார்" என்றேன்.

"அந்தக் கம்ப்ளெயின்டை நான் பாத்துக்கறனுங்க. சங்கத்துல பேசி வாபஸ் வாங்கிடலாமுங்க."

"எழுதிக் குடுப்பியா?"

அவர் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர், "சரிங்க சார், கார் நிறுத்துற எடத்துக்கு ஓட்டிகினு வந்துடறேன்" என்றார். செயலாளர் கும்பிட்டுவிட்டுப் போனார். எழுதிக் கொடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

புதன்கிழமை நான் தூரத்து வீடுகளுக்கெல்லாம் பால் ஊற்றிவிட்டுக் கடைசியாக அடுக்குமாடிக்கு வந்தபோது மணி ஏழரை. கார் நிறுத்துகிற இடத்தில் கன்று மட்டும் தூணில் கட்டியிருந்தது. தாயைக் காணோம். மேலிருந்து செவலையின் குரல் வந்தது. கேனை அங்கேயே வைத்துவிட்டுப் படியேறினேன்.

மாடு ஹாலில் நிற்கிறது. நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, காலுக்குக் கீழே முகம் பார்க்கலாம் போல டைல்ஸ். சுற்றி இருபது பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அய்யர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "கீழயே கற்பூரம் காட்டினாப் போதும்னு சொன்னேன், கேக்கலை" என்று என்னிடம் முனகிவிட்டு இறங்கிப் போனார். வீடியோவில் மாடு வாசற்படி தாண்டுவது வர வேண்டுமாம். வாழைப்பழத்தைக் காட்டிக் காட்டிப் பதினெட்டுப் படியும் ஏற்றியிருக்கிறார்கள்.

மாடு படி ஏறும், இறங்காது. மாடு கட்டுகிற வீட்டில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் சார் சொல்லிவிட்டாரே. இறக்குவதற்கு மூன்று முறை பார்த்திருக்கிறார்கள். முதல் படியில் குளம்பை வைக்கும், கீழே பார்க்கும், பின்வாங்கும்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவலை வாலைத் தூக்கியது. செயலாளரின் மனைவி ஓடிப்போய் வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பிடித்தார். "நல்ல சகுனம், நல்ல சகுனம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் கோமியத்தை மாவிலையால் தொட்டு எல்லா ரூமிலும் தெளித்தார்கள். செயலாளர் கண்ணை மூடித் தலையில் வாங்கிக்கொண்டார். எங்கள் கொட்டகையில் விழுந்தால் அது சுகாதாரக் கேடு. வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது.

எப்படி இறக்குவது என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. படியெல்லாம் மணல் கொட்டி, திருப்பத்தில் ஈரச் சாக்கு விரித்து, கன்றை இரண்டு படி முன்னால் நடத்தினால் பின்னாலேயே இறங்கும். அரை மணி நேர வேலை. எட்டு மணிக்குச் செவலை கொட்டகையில் இருந்திருக்கும்.

நான் ஹால் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"சார், நோட்டீஸ் வந்து ஒம்போது நாளாச்சு. இன்னும் ஆறு நாள்தான் கீது. லெட்டர் எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக் குடு. மாட்ட எறக்கறேன்."

"மொதல்ல மாடு எறங்கட்டுங்க்கா, அப்புறம் கண்டிப்பா..."

"லெட்டர்தான் மொதல்ல."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து மணிக்கு அவருடைய மேனேஜர் சாப்பிட வருகிறாராம். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டப் போனார். கமிட்டியில் ஐந்து பேர். ஒருவர் குளிக்கிறார், ஒருவர் காரை சர்வீஸுக்கு விட வேலப்பன்சாவடிக்குப் போயிருக்கிறார், ஒருவர் மீட்டிங் போட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். எனக்கு இலை போட்டுப் பொங்கலும் வடையும் கேசரியும் வைத்தார்கள். வடை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் வாழ்நாளில் ஒருவர் எனக்காக ஓடி நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். இன்னொரு வடை கேட்டு வாங்கினேன்.

ஒன்பதரைக்கு என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இந்தாமே, அதுக்குக் கால் நடுங்குது பாரு. இப்பவே எறக்கிடலாம்."

"சும்மா கெடய்யா. இன்னிக்கு உட்டா இந்தாளு அப்புறம் சிக்க மாட்டான்."

"லெட்டர் அப்புறம் பாத்துக்கலாம்மே."

"நீ பாத்துகினதுதான் தெரியுமே. உன்னாலதான் இது இங்க நிக்குது."

அவர் எழுந்து போய்ச் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கீழே கன்று கத்தும்போதெல்லாம் இது திரும்பும். திரும்பும்போது பின்னங்கால் ஒரு சாண் வழுக்கும், இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், மறுபடியும் வழுக்கும். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்தாவது கையெழுத்து இன்னும் வரவில்லை.

லெட்டர் பதினொன்றரைக்கு வந்தது. சீல் வேறு வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணலைச் செயலாளரையே சாக்கில் அள்ளிவரச் சொன்னேன். பட்டுவேட்டியோடு மூன்று நடை சுமந்தார். அவருடைய மேனேஜர் படிக்கட்டில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

கன்று முன்னால், நான் கயிற்றோடு, என் வீட்டுக்காரர் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு. செவலை இறங்கியது. பதினாலு படி நான் நினைத்தபடியேதான் இறங்கியது. கடைசி நாலு படி இருக்கும்போது பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்துவிட்டது. மணலில் வழுக்கவில்லை, நிற்கத் தெம்பில்லாமல் விரிந்தது. வயிறு படியில் மோதி அப்படியே சரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தது, நடந்து கொட்டகை வரைக்கும் வந்தது, படுத்தது. சாயங்காலம் கறப்பதற்கு எழுப்பினோம். முன்னங்காலை ஊன்றியது, பின்பக்கம் வரவில்லை.

மறுநாள் காலை மாட்டு டாக்டர் வந்தார். தொடையை அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டார். தொடைச் சதை கிழிந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார், "டைல்ஸ்ல எவ்வளவு நேரம் நின்னுது? ரொம்ப நேரம் நின்னிருந்தா அங்கயே சதை விட்டிருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"ஏத்தன ஒடனே எறக்கிட்டோம் சார்."

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டு வைக்கோலை நிறையப் போட்டு இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொன்னார். இவர் சூப்பர்வைசரிடம் கூடப் பொய் சொல்லத் தெரியாமல் லீவு சம்பளத்தை விட்டவர். டாக்டர் போகும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் செயலாளர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அய்யோ பாவமுங்க" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வாய் நிறைய வைத்திருந்தேன் அந்த ஆளுக்கு. குனிந்து செவலைக்கு அடியில் வைக்கோலைத் தள்ளினேன். ஏற்றச் சொன்னதுதான் அவர். நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தது அவர் இல்லை.

பத்து நாள் புரட்டிப் போட்டோம். இவர் பத்து நாளும் வேலைக்குப் போகவில்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது "முடியாது சார்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பதினோராம் நாள் காலை செவலை போய்விட்டது. கொட்டகை இருக்கிறது, நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள், கறுப்பு மாடும் அந்தக் கன்றும் அங்கேதான் கட்டியிருக்கின்றன.

எட்டு மணிக்கே ஏன் இறக்கவில்லை என்று அவர் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை. சாப்பிடும்போது கேட்பார் என்று பார்த்தேன், வேறு ஏதோ சண்டையில் சொல்லிக் காட்டுவார் என்று பார்த்தேன், நானாகவே வம்புக்கு இழுத்தும் பார்த்தேன். கேட்டால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிச் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த மனிதர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார்.