தையல் மெசினுக்கு ஒரு லென்ஸ்

புளியங்கூடலில் சத்தியபாமாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவளைத் தையல்காரி என்று அறிந்தவர்களும் இல்லை. அப்படி அறியப்பட வேண்டும் என்றுதான் அவளுடைய தமையன் ஜேர்மனியில் இருந்து காசு அனுப்பி, காலால் மிதிக்கிற நல்ல தையல் மெசின் ஒன்றை வாங்கிக் கொடுக்கச் செய்தான். அது முன்னறையில் யன்னலோரமாக ஒரு துணியால் மூடியபடி இருந்தது. சத்தியபாமா அதில் தைத்ததெல்லாம் அந்த மூடுதுணியின் ஓரம் மட்டும்தான்.

அவளுடைய கை பழகியது வேறு வேலையில். எண்பத்து மூன்று ஆடி மாதம் வரை பதுளையில் இருந்தார்கள். புருஷன் விநாயகமூர்த்திக்கு அங்கே பலசரக்குக் கடை. அடுத்த தெருவில் தமையன் ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தான். மத்தியானம் சமையல் முடிந்ததும் சத்தியபாமா அங்கே போய்விடுவாள். பிலிம் கழுவினாள், படங்களில் புள்ளி திருத்தினாள், பிறகு கமராவையும் கையில் எடுத்தாள். கலவரத்தில் கடையும் ஸ்ரூடியோவும் எரிந்தன. தமையன் வெளிநாடு போனான். இவர்கள் தீவுப்பக்கம், புளியங்கூடலில் இருந்த விநாயகமூர்த்தியின் பழைய வீட்டுக்கு வந்து, கிணற்றடிக் காணியில் வெங்காயம் நட்டார்கள். துடைப்பதற்கென்று அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சின்னக் கமரா ஒன்று மட்டும் உடுப்புப் பைக்குள் கிடந்து அவர்களோடு வந்து சேர்ந்தது.

பழைய ஜப்பான் கமரா அது. பார்க்கும் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதற்குள் எதிரில் நிற்கிறவரின் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்று படியும். அப்படிப் படிந்தால் தூரம் சரி, படம் துலக்கமாக விழும். சத்தியபாமாவுக்கு அந்தக் கமராவில் பிடிக்காதது அதன் லென்ஸ்தான். வெளிச்சத்தை அது கஞ்சத்தனமாகத்தான் உள்ளே விடும். வீட்டுக்குள்ளே எடுப்பதென்றால் பளிச்சென்று லைற் அடிக்க வேண்டும். லைற் அடித்தால் குழந்தைகள் கண்ணை மூடின, பொம்பிளைகளின் முகம் சுண்ணாம்பு பூசினது போல வந்தது.

ஊர்காவற்றுறையில் சில்வெஸ்ரர் என்ற கப்பல்காரரிடம் பெரிய வாய் உள்ள லென்ஸ் ஒன்று இருக்கிறது என்று எண்பத்து நாலாம் ஆண்டு பங்குனியில் அவள் கேள்விப்பட்டாள். அடுத்த நாளே பஸ் ஏறிப் போனாள்.

சில்வெஸ்ரர் கப்பல் வேலையை விட்டு வீட்டோடு இருந்தவர். அலுமாரியின் மேல்தட்டில் இருந்து துணிப்பொட்டலம் ஒன்றை இறக்கினார்.

"ஜப்பானில, யோக்ககாமாவில வாங்கினது, தங்கச்சி. கமரா உப்புக் காத்தில துருப்பிடிச்சுப் போச்சு. லென்ஸ் மட்டும் கிடக்கு. உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு, அதையும் சொல்லிப்போட்டன்."

சத்தியபாமா அதைக் கையில் வாங்கினாள். சின்னத் தேங்காய்ச் சிரட்டை அளவு கண்ணாடி. அளவுக்கு மிஞ்சின பாரம். முன்வளையத்தில் ஒன்று தசம் இரண்டு என்று பொறித்திருந்தது. அந்த எண் சின்னதாக இருக்க இருக்க லென்ஸ் வெளிச்சத்தைக் கூடுதலாக விடும் என்பதை அவள் அறிவாள். பதுளையில் தமையன் யாரிடமோ இப்படியான ஒன்றை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கி வந்தபோது, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அவள் எடுத்த படங்களை இன்னும் மறக்கவில்லை. யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் சிலந்தி நூல் போல வெள்ளைக் கோடுகள், நடுவில் புகை படிந்தது போல மெல்லிய புகார். கையோடு கொண்டுவந்த தன்னுடைய கமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு இதை முறுக்கினாள். வெண்ணெயில் கத்தி இறங்கினது போல இறங்கிப் பொருந்தியது.

"என்ன விலை அண்ணை?"

சில்வெஸ்ரர் வாய் திறக்கமுன் அவருடைய மனிசி அந்தோனியம்மா குசினிக்குள் இருந்து வந்தாள். "காசு வேண்டாம் பிள்ளை. உம்மட்டை ஒரு தையல் மெசின் சும்மா கிடக்கெண்டு சொல்லுகினம். எனக்கு மாதா கோயில்ல புதுநன்மை எடுக்கிற பிள்ளையளுக்குச் சட்டை தைக்க ஒரு மெசின் வேணும்."

சத்தியபாமா ஒரு நிமிஷம் யோசித்தாள். தமையனின் முகம் வந்து போனது. "ஓம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது விநாயகமூர்த்தி வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உது தைக்குமோ?"

"தைக்காது."

"மெசினும் இஞ்ச தைக்கேல்லைத்தானே. ஏத்திக்கொண்டு போக மாட்டுவண்டில் கேக்கிறன்."

ஊர் சிரித்தது. வண்டிலில் மெசின் போவதைப் பார்த்த பக்கத்துவீட்டுக்காரி, உள்ளங்கைக்குள் அடங்கிற கண்ணாடிக்கு இத்தனை பெரிய சாமானோ என்று படலை வரை வந்து கேட்டாள். சத்தியபாமா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் நயினாதீவில் ஒரு கலியாணம் வந்தது. பெண் சீதேவி. தகப்பன் அரியநாயகம் இரத்தினபுரியில் கடை வைத்து உழைத்துவிட்டு ஊரோடு வந்து இருந்தவர். முகூர்த்தம் விடியப்புறம். பந்தலுக்குள் பெற்றோமாக்ஸ் இரண்டு தொங்கின, மணவறையில் குத்துவிளக்கு எரிந்தது. சத்தியபாமா லைற்றைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"என்ன பிள்ளை, லைற் மின்னேல்லையே?" என்று அரியநாயகம் கேட்டார்.

"தேவையில்லை ஐயா. இந்த வெளிச்சம் காணும்."

சொன்னபோது அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. சின்னச் சதுரத்துக்குள் சீதேவியின் இரண்டு முகமும் வந்து ஒன்றாகப் படிய, விளக்கொளி கன்னத்தில் மஞ்சளாக வழிந்தது. முழுப் பிலிமையும் லென்ஸை அகலத் திறந்தே எடுத்தாள்.

பிலிமை வீட்டில் கழுவி, யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் படம் போட்டு எடுத்தாள். பஸ் நிலையத்து மரவாங்கில் குந்தி உறையைப் பிரித்தாள். வெளிச்சம் இருந்தது, அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ஆனால் முகங்கள் இல்லை. சீதேவியின் தோட்டில் கல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருந்தது. கண்கள் இரண்டும் தண்ணீருக்குள் கிடக்கிற கல்லைப் போல மங்கிக் கிடந்தன. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். காது துலக்கம், மூக்குப் புகை.

அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விநாயகமூர்த்தி விளக்கைக் கிட்ட இழுத்து வைத்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மறைக்கப் போறீரோ, கொண்டுபோய்க் காட்டப் போறீரோ?" என்றார்.

"காட்டத்தான் வேணும்."

"அப்ப நானும் வாறன்."

குறிகாட்டுவான் துறையில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனார்கள். அரியநாயகம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கோபத்தில் குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை அவர். அது சத்தியபாமாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளை, என்ர மகளின்ர தோட்டைப் படம் எடுக்கவோ உம்மைக் கூப்பிட்டனான்?"

"பிழை என்னிலதான் ஐயா. புது லென்ஸைப் பழகிப் பாக்காமல் கொண்டந்திட்டன். சீதேவியையும் மாப்பிள்ளையையும் இன்னொருக்கா எடுத்துத் தாறன்."

"தாலி இன்னொருக்காக் கட்டேலாது."

சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் திருப்பியவர் அப்படியே நிறுத்தினார். தாலி கட்டுகிற படம் அது. அந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பெண்ணின் பிடரியில் ஒட்டிய ஈர மயிர் எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல நின்றன. அவர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

"அப்ப இது மட்டும் எப்பிடி வந்தது?"

சத்தியபாமா படத்தை வாங்கிப் பார்த்தாள். அந்த நேரம் அவள் சதுரத்துக்குள் பிடித்தது மாப்பிள்ளையின் முழங்கையை. துலக்கம் விழுந்திருந்ததோ அதற்குப் பின்னால் இருந்த முடிச்சில். கண்ணைப் பிடித்தால் காதில் விழுகிறது, முழங்கையைப் பிடித்தால் விரலில் விழுகிறது. எல்லாம் பின்னுக்குத்தான். அவளுடைய கை நடுங்கவுமில்லை, கண் பிசகவுமில்லை. கமரா பொய் சொல்லியிருக்கிறது.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சீதேவி வெளியே வந்தாள். "அப்பா, அக்கா இன்னொருக்கா வரட்டும். அண்டைக்கு எனக்குச் சரியான பசி. முகம் துலக்கமா வந்திருந்தாலும் வடிவா வந்திராது."

அரியநாயகத்துக்கு வாயோரம் சிரிப்பு வந்ததை விநாயகமூர்த்திதான் முதலில் கண்டார். அதோடு வந்த காரியம் ஒருவாறு முடிந்தது.

வீட்டுக்கு வந்தவள் வாங்கு ஒன்றில் புளியங்கொட்டைகளைச் சரிவாக வரிசைப்படுத்தி, நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு தொட்ட கொட்டையைச் சதுரத்துக்குள் பிடித்துப் படம் எடுத்தாள். கழுவிப் பார்த்தால், சுண்ணாம்புக் கொட்டை மங்கல், அதற்குப் பின்னால் இருந்தவைதான் துலக்கம். பழைய லென்ஸைப் போட்டு எடுத்தாள். எல்லாக் கொட்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே துலக்கமாகத் தெரிந்தன.

"பழசுக்குச் சின்ன வாய், கிட்டத்தையும் தூரத்தையும் ஒண்டாத் துலக்கிப் பிழையை மூடி மறைச்சிருக்கு" என்று புருஷனிடம் சொன்னாள். "பதுளையில இருந்து ஓடி வரேக்க கமரா எங்கயோ அடிபட்டிருக்கு. ஒரு வருஷமா எனக்குத் தெரியேல்லை. இது அகலத் திறக்கிற லென்ஸ், கொஞ்சம் பிசகினாலும் காட்டிக் குடுத்திடும்."

"நல்ல லென்ஸ்தான் அப்ப" என்றார் அவர்.

ஊர்காவற்றுறைத் துறையடியில் குருசுமுத்து என்று மணிக்கூடு திருத்துகிறவர் இருந்தார். கமராவை இதுவரை திறந்ததில்லை என்று அவர் முதலில் பின்வாங்கினார். தூரம் காட்டுகிற சதுரத்தைத் திருத்தச் சின்னத் திருகாணி ஒன்று இருக்க வேணும், தமையன் திருப்பினதைக் கண்டிருக்கிறேன் என்று சத்தியபாமா சொன்னாள். இரண்டு பேருமாகத் தேடி முன்பக்கத்து மூடி ஒன்றுக்குள் அதைக் கண்டுபிடித்தார்கள். லென்ஸைக் கடைசித் தூரத்துக்குத் திருகி வைத்து, தொலைவில் நிற்கிற ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். கடல் பக்கம் கமராவைத் தூக்க ஏலாது, நேவிக்காரர் பார்த்தால் பதில் சொல்லி முடியாது. அதனால் ஊர்ப்பக்கம் திரும்பி, வயல்வெளிக்கு அப்பால் தனியே நின்ற பனை ஒன்றைப் பிடித்தார்கள். சதுரத்துக்குள் இரண்டு பனை தெரிந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... கூடிப்போச்சு அண்ணை, திருப்பி விடுங்கோ."

குருசுமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு ஆணியைத் திருப்ப, பனைகள் இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி நகர்ந்து ஒரே பனையாகின. அவரும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, குழந்தையைப் போலத் திரும்பவும் வாங்கிப் பார்த்தார். பிறகு லென்ஸின் பின்பக்கத்தைக் கழற்றிப் புகாரையும் துடைத்துவிட்டார். ஓரத்துச் சிலந்தி நூல் மட்டும் போகவில்லை. வீட்டில் புளியங்கொட்டைகளை அவள் திரும்ப அடுக்கினாள். இந்த முறை எடுத்த படத்தில் சுண்ணாம்புக் கொட்டைதான் துலக்கமாக நின்றது.

ஆடியில் திரும்ப நயினாதீவுக்குப் போனாள். சீதேவி கூறைச்சேலையை உடுத்து நகைகளையும் போட்டிருந்தாள். பூமாலை மட்டும் வேண்டாம் என்று தாய் மறித்துவிட்டாள். மாலை மாற்றுவது ஒருமுறைதானாம். சரி என்று மாலையில்லாமலே உள்ளறையில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். பின்னேரம், மேற்கு யன்னலால் கொஞ்ச வெளிச்சம், மேசையில் ஒரு லாம்பு.

கலியாணத்தன்று மரம் போல நின்றவர்கள் இந்த இரண்டு மாதத்தில் ஒருவரை ஒருவர் பழகியிருந்தார்கள். மாப்பிள்ளை மெதுவாக ஏதோ சொன்னான். சீதேவி சிரிப்பை அடக்கப் பார்த்து ஏலாமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சத்தியபாமா அந்தக் கணத்தில் பொத்தானை அமத்தினாள். லைற் மின்னாததால் எடுத்தது அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் எடுக்கவில்லையா என்று மாப்பிள்ளை கேட்டபோது பாதிப் பிலிம் முடிந்திருந்தது.

அந்தப் படத்தில் கண்களில் லாம்பின் சுடர் தனித்தனியாகத் தெரிந்தது. அரியநாயகம் அதையும் தாலிப் படத்தையும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு முன்னறையில் மாட்டினார். அதைப் பார்த்த இரண்டு வீட்டார் ஆவணிக் கலியாணங்களுக்கு அவளைச் சொல்லி வைத்தார்கள். மாலையில்லாமல் பின்னேரம் ஒருதரம் எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை குறையவில்லை. எண்பத்தேழில் பற்றரி தட்டுப்பாடு வந்தபோது லைற் அடிக்கிற படக்காரர்கள் கைகட்டி இருந்தார்கள், இவளை நெடுந்தீவில் இருந்தும் வந்து கூட்டிப்போனார்கள். பூஞ்சணம் மாரி காலத்தில் வளரப் பார்க்கும். அவள் லென்ஸை வெயிலில் காயவைத்து, வறுத்த அரிசி போட்ட தகர ரின்னுக்குள் மூடி வைப்பாள். அரிசி எதற்கு என்று விருந்தாளி கேட்டால், கண்ணாடிக்குப் பசிக்கும் என்பார் விநாயகமூர்த்தி.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவுகளை விட்டுச் சனம் எழும்பியபோது அவர்களும் எழும்பி யாழ்ப்பாணத்துப் பக்கம் கொக்குவிலில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தார்கள். வெங்காயக் காணி போனது விநாயகமூர்த்திக்கு ஆறாத கவலை. வளவுக்குள் இரண்டு பாத்தி கொத்தி மிளகாய் வைத்துக்கொண்டார். கரண்ட் இல்லை, பிலிம் கிடைப்பது அருமை. சத்தியபாமா ஒரு வீட்டுக்கு மூன்று நாலு படம்தான் எடுத்தாள். கூட எடுக்கச் சொன்னாலும் மாட்டாள். எடுத்தது ஒன்றும் பிழையாகவில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒரு பின்னேரம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு குழந்தைக்கு முதல் பல் முளைத்ததென்று பல்லுக்கொழுக்கட்டை கொட்டினார்கள். ஜாம் போத்தல் விளக்கு இரண்டை ஏற்றிவைத்து, பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். பிள்ளை அழவில்லை. விழுந்த ஒன்றை எடுத்துப் புதுப்பல்லால் கடிக்கப் பார்த்தது. சத்தியபாமா பாயில் முழங்கையை ஊன்றிப் படுத்து, அந்தப் பல்லைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். எழும்பியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளையின் தாய் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

வெளியே விநாயகமூர்த்தி சைக்கிளோடு நின்றார். அவள் பின்னால் ஏறி இருந்து, வாழையிலையில் சுற்றித் தந்த கொழுக்கட்டையில் ஒன்றை எடுத்து முன்னால் நீட்டினாள். அவர் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி வாங்கி வாயில் போட்டார்.

"பல்லு விழுந்ததோ படத்தில?"

"விழுந்திருக்கும். கழுவினாத்தான் தெரியும்."

"இன்னொண்டு தாரும்" என்றார். கொழுக்கட்டை இன்னும் சூடாக இருந்தது.