நாலாவது வரிக்கு ஒரு நாய்

எழுதி எழுதியே குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களெல்லாம் கட்டுக்கட்டாக எழுதினார்கள். நான் எழுதியது மொத்தமே நாலு வரி, அதுவும் ஓர் அட்டைப்பெட்டியின் மேல். அதற்கே என் மச்சினன் நடுத்தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. மும்பை தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருக்கிறான். நாங்கள் குடியிருப்பது அதே பட்டறையின் மாடியில். அவன் செய்கிற பெல்ட் எல்லாவற்றிலும் அடுத்தவன் பெயர்தான் இருக்கும். கடைக்காரன் கொடுக்கிற முத்திரையை அடித்து அனுப்புவதோடு அவன் வேலை முடிந்தது. போன மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வெட்டியதுபோக மிஞ்சும் ரெக்சின் துண்டுகளில் பிள்ளைகளுக்குக் கைப்பட்டை செய்யலாமே! பட்டை நெடுக ஓட்டைகள், முனையில் டிச் பட்டன், கூடவே ஒரு சின்னப் பையில் பிளாஸ்டிக் பூ, நட்சத்திரம், பட்டாம்பூச்சி. வாங்குகிற பிள்ளை பிடித்ததைப் பிடித்த ஓட்டையில் குத்தி அலங்கரித்துக்கொள்ளலாம். முதன்முறையாகச் சொந்தச் சரக்கு, சொந்தப் பெயர், சொந்தப் பெட்டி. பெட்டிமேல் என்ன எழுதுவது என்பது மட்டும்தான் பாக்கி.

"நீங்க காலேஜெல்லாம் படிச்சவிய. நாலு வரி எழுதித் தாங்க மச்சான்" என்றான்.

நான் மாட்டுங்காவில் ஒரு கூரியர் அலுவலகத்தில் இருக்கிறேன். நாள் முழுக்க 'உடையும் பொருள், கவனம்' என்று எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? இங்கிலீஷில்தான் எழுதினேன். தமிழில் எழுதினால் என் மகளுக்கே படிக்க வராது. 'நீங்களே அலங்கரியுங்கள். தினம் ஒரு புதுக் கைப்பட்டை. சின்னக் கைகளுக்குப் பெரிய சந்தோஷம்.' மூன்று வரி மளமளவென்று வந்தது. நாலாவது வரவில்லை. அச்சகத்துக்காரரோ நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார். மூன்றோடு நிறுத்தினால் பெட்டி பல் விழுந்த மாதிரி இருக்கும் என்றார். வெளியே ஒரு டெம்போ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'உங்கள் செல்லப்பிராணிகளுக்கும் மிகவும் பிடிக்கும்!' ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான்.

பெட்டிகள் அச்சாகி வந்தன. பட்டைகள் நிரம்பி, பட்டறைப் பரணில் கூரையை முட்டும்வரை ஏறின. மொத்தத்தையும் எடுப்பதாகச் சொல்லியிருந்த சேட் ஒரு சனிக்கிழமை வந்து பெட்டியைக் கையில் வாங்கினார். முதல் மூன்று வரிகளை மதிக்கவே இல்லை. நேராக நாலாவதில் விரலை வைத்து, "யே சஹி ஹை!" என்றார். இதுதான் சரி என்று. அதற்குமேல் அவர் ஹிந்தியில் சொன்னதன் சாரம் இது: பிள்ளைகள் கைப்பட்டை சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. பிராணியும் போட்டுக்கொள்ளும் என்பதற்காகத்தான் இது விற்கும். ஆனால் பிராணி எங்கே? நாயோ பூனையோ இதைப் போட்டுக்கொண்டிருக்கிற ஃபோட்டோவைப் பெட்டியில் ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை ஃபோட்டோ வரவில்லையென்றால் சரக்கு அவருக்கு வேண்டாம்.

சேட் போனதும் மச்சினன் என் பக்கம் திரும்பினான்.

"எந்தப் பிராணிக்குப் பிடிச்சிதுன்னு எழுதுனிய மச்சான்?"

"பொதுவா எழுதுனேன் மாப்ளே."

"பொதுவான்னா?"

"எல்லாத்துக்கும்."

"அப்ப அதுல ஒண்ணையாச்சும் பிடிச்சிட்டு வாங்க. இல்லன்னா நான் திரும்பவும் அடுத்தவன் பேரையே அடிச்சிட்டுக் கெடக்க வேண்டியதுதான்." கடைசி வாக்கியத்தை அவன் சத்தமில்லாமல் சொன்னான். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைப் பூனையிலிருந்து ஆரம்பித்தோம். ஃபோட்டோ எடுக்க ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள். நான் ரசனையோடு ஒரு பட்டாம்பூச்சியும் இரண்டு பூவும் குத்தி, பூனையின் முன்னங்காலில் பட்டையை மாட்டி, பட்டனை அழுத்தினேன். 'டிச்' என்ற சத்தம் கேட்டதுதான் தாமதம், பூனை இடுப்பொடிந்ததுபோல் சரிந்து, நாலு காலையும் நீட்டிப் படுத்துவிட்டது.

"வாப்பா, மர் கயீ க்யா?"

"சாகல்லாம் இல்ல. நடிக்குது. உங்க மாமா வளப்பு."

தூக்கி நிறுத்தினால் மறுபடி சரிந்தது. தாங்கிப் பிடித்துக்கொண்டால் ஃபோட்டோவில் நான் வந்தேன். மச்சினன் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கையத் தள்ளுங்க மச்சான். பூனையவே காணும். ஒரே முடியால்ல தெரியுது!" என்றான். என் கைமுடி அப்படி. கல்யாணமான புதிதில் என் மனைவி, நான் அரைக்கைச் சட்டை போட்டால் கம்பளிச் சட்டை என்று நினைத்தவள்.

அடுத்தது, எதிர்வீட்டுச் சாச்சியின் ஆடு. ஆடு பூனையைப் போலக் கூத்தடிக்கவில்லை. மிக மரியாதையாகக் காலைக் கொடுத்தது. மாட்டி முடித்து நான் நிமிர்வதற்குள் குனிந்து ஒரு பூவைத் தின்றுவிட்டது. பட்டாம்பூச்சியையும் வாயில் போட்டுப் பார்த்து, துப்பியது.

சாச்சி வாசலில் வந்து நின்றாள். "ஏ மருமவனே, எங்கூட்டு ஆட்டுக்கு என்னத்தக் குடுத்த?"

"நகை போட்டுப் பாத்தோம் சாச்சி."

"மொதல்ல ஒம் பொண்டாட்டிக்குப் போடு!"

மாடி ஜன்னலிலிருந்து, "நல்லாக் கேளுங்க சாச்சி" என்று என் மனைவியின் குரல் வந்தது.

கடைசி நம்பிக்கை மாட்டுங்கா மாமி. வெளிநாட்டிலிருக்கும் மகளுக்குப் பருப்புப்பொடி அனுப்ப எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர். வரும்போதெல்லாம் பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெள்ளை நாயைக் கையில் ஏந்தி வருவார். ஃபோன் செய்தேன். "தாராளமா வாங்கோ" என்றார்.

கிளம்பும்போது மனைவி வழிமறித்தாள். "நாய் நக்குன கையோட வீட்டுக்குள்ள வராதிய. இப்பவே சொல்லிட்டேன்." எங்கள் வீட்டில் பூனை தொழுகைப் பாயில் படுத்தாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. நாய் எச்சில் பட்டால் மட்டும் முறைப்படி பலமுறை கழுவித்தான் ஆக வேண்டும். நானும் சட்டையைக் கழற்றித் துவைக்கும் நிலைமை வராமல் வேலையை முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமி வீட்டு நாய் பட்டையைக் கண்டதும் சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"அவனுக்குப் புதுசா எதைப் பாத்தாலும் பயம். நீங்க மொதல்ல போட்டுண்டு காமிங்கோ. பாத்தான்னா அவனே காலை நீட்டிடுவான்" என்றார் மாமி.

எந்த மனிதனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது நாய்க்கு முன்மாதிரியாக இருக்க வேண்டிவருகிறது. சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிப் பட்டையை மாட்டிக்கொண்டேன். நக்கிவிடுமோ என்ற பயத்தில் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, உடம்பை வாசல் பக்கம் சாய்த்து, கையை மட்டும் சோபாவை நோக்கி நீட்டினேன்.

"பாருடா கண்ணா! மாமா எவ்ளோ சமத்தாப் போட்டுண்டிருக்கார் பாரு!"

வளர்ந்த பிறகு என்னை யாரும் சமத்து என்று சொன்னதில்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். நாய் வெளியே வந்தது. முகர்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே நக்கு. பிறகு, இதற்குத்தான் வந்தேன் என்பதுபோல் மறுபடி உள்ளே போய்விட்டது. காபி குடித்துவிட்டுத் திரும்பினோம். குழாயடியில் என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்று, கடைசித் தடவை கழுவும்வரை மேற்பார்வை பார்த்தாள்.

திங்கட்கிழமை சேட் வந்தார். மச்சினன் ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பரணைப் பார்த்துக்கொண்டு நின்றான். செத்த பூனை, மெல்லும் ஆடு, சோபாவின் கால் என்று சேட் தள்ளிக்கொண்டே போனார். திடீரென்று நிறுத்தினார்.

"யே! யே வாலா!" இதுதான் வேண்டுமாம்.

எட்டிப் பார்த்தேன். கறுகறுவென்று முடி அடர்ந்த ஒரு கால். நகம் தெரியாமல் அடக்கமாக மடங்கிய பாதம். அதன்மேல் பட்டாம்பூச்சி. என் மகள் அவ்வளவு பக்கத்தில் போய் எடுத்திருந்தாள்.

"என்ன ரோமம்! எவ்வளவு அமைதியாக நிற்கிறது!" என்று உருகிய சேட், "கௌன்சா பிரீட் ஹை?" என்று கேட்டார். என்ன ஜாதி நாய் என்று.

மச்சினன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "திருநெல்வேலிப் பக்கம், சேட்" என்றான் ஹிந்தியில். "நல்லாச் சாப்பிடும். சொன்ன பேச்சு மட்டும் கேக்காது."

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் சரக்கு போயிருக்கும். ஆனால் ஆச்சரியக்குறி போட்டு நான் எழுதிய ஒரு வரி இவ்வளவு தூரம் இழுத்துவிட்டிருந்தது. இன்னொரு பொய்யை அதன்மேல் அடுக்கி, நாளை சேட்டுக்குத் தெரியவந்தால் மச்சினனின் பெயர் போட்ட முதல் சரக்கே கடைசிச் சரக்காகிவிடும். சட்டைக்கையைச் சுருட்டி ஃபோனுக்குப் பக்கத்தில் நீட்டினேன். "சேட், அது நாயில்லை. இதுதான்."

சேட் கையைப் பார்த்தார். ஃபோட்டோவைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஃபோட்டோ நன்றாக இருக்கிறது. அதையே ஒட்டுங்கள்" என்றார் சேட். "நாய் என்று எங்கும் எழுத வேண்டாம். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்." ஒட்டி முடித்ததும் டெம்போவில் பெட்டி ஏற்றச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் என்னிடம், "என் கடைப்பக்கம் வந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா" என்றார்.

ஆட்டுக்குள் போன பூவும் அன்று காலையே வெளியே வந்திருந்தது. சாச்சி அதைக் குச்சியால் தள்ளிக் காட்டினாளாம். மச்சினனுக்குப் பெருமை தாங்கவில்லை. "சாயம் கொஞ்சமாச்சும் போச்சா பாத்தியளா மச்சான்? அதான் நம்ம சரக்கு!"

பரண் காலியான பிறகு ஒரு மாலை, குடும்பத்தோடு மாஹிமில் நடந்துகொண்டிருந்தோம். நடைபாதைக் கடையில் ஒரு சின்னப் பெண் எங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். அது 'பாலு' என்றாள், ஹிந்தியில் கரடி. இல்லை, நாய் என்றார் அவள் அப்பா. கடைக்காரன் யோசித்து, குரங்காகவும் இருக்கலாம் என்றான். நான் சட்டைக்கையின் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டேன்.

என் மனைவி ஒரு பெட்டியைத் தூக்கி, மகளை நாலாவது வரியைப் படித்துச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டுப் பெட்டியை வைத்தாள்.

"நீங்க எழுதுனது பொய்னு ஊரே சொல்லிச்சு. பொய்யில்லங்க. வீட்டுல சோறு போட்டு வளக்குற ஜீவன்தான போட்டுருக்கு?"

மச்சினன் அடுத்து தலைமுடிப் பட்டை செய்யப் போகிறானாம். பெட்டிக்கு மூன்று வரி இடம் போதும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.