முதல் ஆளாகப் பேசியது

அலுவலகத்தில் அந்தச் சொற்றொடரை நாளுக்கு நாலு தரமாவது கேட்பேன். 'கெட் த பால் ரோலிங்.' யாராவது பந்தை உருட்டிவிடுங்கள், அதாவது காரியத்தைத் தொடக்கிவையுங்கள் என்று பொருள். நானும் மின்னஞ்சல்களில் அதை எழுதித் தள்ளியிருக்கிறேன். அதை மெய்யாகவே செய்ய வேண்டி வந்தது, லண்டன், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்தில்.

சனிக்கிழமை காலைகளில் அங்கே எங்கள் தமிழ் வகுப்பு. நான் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எங்கள் நேரத்தை ஓர் உடற்பயிற்சிக் குழுவுக்குக் கொடுக்க மண்டப நிர்வாகம் யோசித்தது. எங்களுக்கோ வேறு இடமில்லை. கருத்துக் கேட்கக் கூட்டம் வைத்தார்கள். பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வாசலில் நின்றபோது எல்லோருக்கும் அப்படி ஒரு கோபம்!

நிர்வாகப் பெண்மணி சிரித்தபடி அதையேதான் கேட்டார்: பந்தை யார் உருட்டிவிடுகிறீர்கள்?

எங்கள் ஆட்கள் குசுகுசுத்தார்கள்.

"அண்ணை, நீங்கள் துவங்குங்கோ."

"சீச்சீ, டொக்டர் இருக்கேக்க நான் என்னெண்டு?"

"எங்கட தலைவர்தானே முதல்ல கதைக்க வேணும்," என்றார் டொக்டர்.

"தலைவர் கார் விட இடம் தேடித் திரியிறார். இந்நேரம் அடுத்த ஊர் ஸ்ட்ரெதமுக்கே போயிருப்பார்!"

மரியாதை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. மேடையில் இருந்த அந்தப் பெண்மணிக்கு அது வெறும் மௌனம். யாருக்கும் ஆட்சேபம் இல்லைப்போல என்று சொல்லி, அடுத்த விடயத்துக்குத் தாளைப் புரட்டினார்.

வயதுப்படி பார்த்தால் என் முறை கடைசியில். இருந்தும் எழுந்துவிட்டேன். "ஆட்சேபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த வசனம் வரவே இல்லை.

"தங்கச்சி சொன்னது காணாது, நான் சொல்லுறன்!" பக்கத்து அக்கா எழும்பி, இரண்டு பஸ் மாறிப் பிள்ளைகளைக் கூட்டி வரும் கதையைத் தொடங்கினார். அவரைத் திருத்த டொக்டர் எழுந்தார். டொக்டரை மறித்து இன்னொருவர். முதல் தள்ளு அழகாக இருக்க வேண்டியதில்லை, பந்து நகர்ந்தால் போதும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் ஒவ்வொருவராகப் பேசச் சொல்லி அந்தப் பெண்மணி கையெடுத்துக் கெஞ்சும்படி ஆகிவிட்டது.

மண்டபத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். இப்போது முதல் ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சிக்காரர்களுக்கு. அவர்கள் போனதும் வியர்வை வாடை போக ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே 'அ' எழுதுகிறார்கள்.